28 பாட்டு, இரண்டு அறை: ‘மெலன் கோலி’ உருவான விதமும் வரவேற்பும்

ஸ்மாஷிங் பம்ப்கின்ஸ் என்ற சிகாகோ ராக் குழுவின் மூன்றாவது ஆல்பமான ‘மெலன் கோலி அண்ட் தி இன்ஃபினிட் சேட்னெஸ்’ 1995 அக்டோபர் 24 அன்று அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. இரண்டு சிடி, 28 பாட்டு, மொத்தம் 2 மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. அன்றைய ஆல்டர்நேட்டிவ் ராக் உலகில் இது திமிராகத்தான் பட்டது. இரட்டை ஆல்பம் போடுவதெல்லாம் எழுபதுகளின் பெரிய ராக் குழுக்களின் பழக்கம், பங்க் என்ற ஆடம்பரமற்ற ராக் வழியில் வந்தவர்களுக்கு அது ஆகாது என்றொரு எண்ணம் இருந்தது. அந்த எண்ணமே அரைகுறை. ஹஸ்கர் டூ என்ற மினசோட்டா குழு 1984இலேயே ‘ஸென் ஆர்கேட்’ என்ற இரட்டை ஆல்பத்தை வெறும் 3,200 டாலரில், பெரும்பாலும் முதல் டேக்கையே (முதல் முறை வாசித்துப் பதிந்ததையே) வைத்துக்கொண்டு முடித்திருந்தது.

பாடகரும் கிட்டார் கலைஞருமான பில்லி கார்கனின் தலைக்கனம்தான் இந்த நீளத்துக்குக் காரணம் என்று அன்றே சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். தலைக்கனம் இல்லவே இல்லை என்று யாரும் வாதாடப் போவதில்லை. ஆனால் தலைக்கனத்தால் 28 பாட்டு எழுதலாமே தவிர, அந்த 28ஐயும் காது சலிக்காமல் கேட்க வைக்க முடியாது. அதைச் சாதித்தது வேலையைப் பிரித்துக்கொண்ட முறை. அந்த முறை எங்கிருந்து வந்தது என்று பார்க்க, முந்தைய ஆல்பத்தில் நடந்த கூத்திலிருந்து தொடங்க வேண்டும்.

1993இல் வந்த ‘சயாமீஸ் ட்ரீம்’ ஆல்பத்தைத் தயாரித்தவர் புட்ச் விக். ஜார்ஜியா மாநிலத்தின் மாரியெட்டாவில் உள்ள ட்ரைகிளாப்ஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள். பட்ஜெட்டுக்கு மேல் இரண்டரை லட்சம் டாலர் போனது. டிரம்ஸை ஜிம்மி சேம்பர்லின் வாசித்தார். கிட்டார், பேஸ் இரண்டிலும் பெரும்பகுதியைக் கார்கனே வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். இன்னொரு கிட்டார் கலைஞரான ஜேம்ஸ் ஈஹாவும் பேஸ் வாசிக்கும் டார்சி ரெட்ஸ்கியும் தங்கள் குழுவின் ஆல்பத்திலேயே விருந்தாளிகள் மாதிரி ஆனார்கள். ஆல்பம் பிரமாதமாக வந்தது, விற்கவும் செய்தது. ஆனால் இதே முறையில் இரண்டு மடங்கு நீளத்துக்கு ஒன்றைச் செய்தால் என்ன ஆகும்? ஒரே ஆள் ஒவ்வொரு கருவியையும் மாறி மாறி எடுத்து வாசித்தால் நாட்கள் பெருகும், மற்றவர்கள் சோபாவில் உட்கார்ந்து கசப்பை வளர்ப்பார்கள். அதைவிடப் பெரிய சிக்கல் காதுக்கு. ஒரே கையின் தாள உணர்வு எல்லாக் கருவியிலும் ஏறிவிடும். ஒரு மணி நேரம் வரை அதை ஒரு பாணி என்று ரசிக்கலாம். இரண்டு மணி நேரத்துக்கு அது சுவர்.

‘மெலன் கோலி’க்கு விக்கைக் கூப்பிடவில்லை. ஃப்ளட் என்று அறியப்படும் மார்க் எல்லிஸ், ஆலன் மோல்டர் என்று இங்கிலாந்துக்காரர்கள் இருவர் கார்கனோடு சேர்ந்து தயாரிப்பாளர்கள் ஆனார்கள். டெபெஷ் மோட், யூ2, நைன் இன்ச் நெய்ல்ஸ் ஆகியோரோடு வேலை செய்தவர் ஃப்ளட். மோல்டர் மை ப்ளடி வாலண்டைன் குழுவோடு பணியாற்றியவர், ‘சயாமீஸ் ட்ரீம்’ ஆல்பத்துக்கு மிக்ஸிங் (பதிவான ஒலிகளைக் கலந்து சமன்செய்வது) செய்தவரும் அவரே. கிட்டார் அடுக்குகளை அவிழ்க்கத் தெரிந்தவர் ஒருவர், சின்தசைசரும் லூப்பும் (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித் துண்டு) கைவந்தவர் இன்னொருவர். இந்தச் சேர்க்கை தற்செயலாக அமைந்தது போலத் தெரியவில்லை.

ஃப்ளட் போட்ட முதல் நிபந்தனை: கூடத்துக்கு இப்போது போக வேண்டாம். 1995 மார்ச்சில் சிகாகோவில் குழுவின் சொந்த ஒத்திகை இடத்திலேயே கருவிகளை நிறுத்திப் பதிவைத் தொடங்கினார்கள். மாதிரிப் பதிவு என்றுதான் பேச்சு. பிறகு கூடத்தில் ஒழுங்காக எடுத்துக்கொள்ளலாம் என்று திட்டம். ஆனால் ஆல்பத்தில் நாம் கேட்கும் டிரம்ஸ், பேஸ் பகுதிகளில் கணிசமானவை அந்த ஒத்திகை இடத்தில் எடுத்தவை. காரணம் எளிது. மணிக்கு இத்தனை டாலர் என்று மீட்டர் ஓடும் கூடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தவுடன் கை இறுகும், தாளம் அடக்கமாகிவிடும். பழகிய இடத்தில், பழகிய சத்தத்தில், இது கணக்கில் சேராது என்ற நினைப்பில் வாசிக்கும்போது சேம்பர்லின் மாதிரி ஜாஸ் பழக்கமுள்ள கை தாராளமாக ஓடும். ஒலிச்சுத்தம் கொஞ்சம் குறையலாம். அந்தக் குறையை மிக்ஸிங்கில் சரிக்கட்டலாம். இறுகிப்போன டேக்கை எந்த மிக்ஸிங் மேஜையிலும் இளக்க முடியாது.

இரண்டாவது நிபந்தனை, தினமும் கொஞ்ச நேரம் சும்மா சேர்ந்து வாசிப்பது அல்லது புதிதாக எழுதுவது. பதிவு நடக்கும் காலத்தில் இந்தக் குழு அதற்கு முன் இதைச் செய்ததே இல்லை. கார்கன் 56 பாட்டு வரை எழுதிக் குவித்ததற்கு இதுவும் ஒரு காரணம். இரட்டை ஆல்பம் என்பது பாட்டுப் பஞ்சத்தை இழுத்து நிரப்பியதல்ல, பாதியைக் கழித்த பிறகு மிஞ்சியது.

மூன்றாவதுதான் உண்மையான மாற்றம். சிகாகோ ரெக்கார்டிங் கம்பெனிக்கு நகர்ந்த பிறகு, ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட அறைகளில் வேலை. ஒரு அறையில் ஃப்ளட்டும் கார்கனும் குரல், பாட்டின் அமைப்பு என்று உட்கார்ந்திருப்பார்கள். இன்னொன்றில் மோல்டரோடு ஈஹாவும் டார்சியும் தங்கள் பகுதிகளைப் பதிவு செய்வார்கள். கார்கன் கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் அவர் கை குறுக்கே வராது. கிட்டாரைப் பிடுங்கி ‘கொடு, நானே வாசிக்கிறேன்’ என்று சொல்லவும் வழியில்லை. நேரம் மிச்சம், மனக்கசப்பும் குறைவு. ஈஹாவுடைய ‘டேக் மீ டவுன்’ முதல் சிடியின் கடைசிப் பாட்டாக இடம் பெற்றது. இரண்டாவது சிடியை மூடும் ‘ஃபேர்வெல் அண்ட் குட்நைட்’ பாட்டில் நால்வருமே பாடுகிறார்கள். 1993இல் நினைத்துப் பார்த்திருக்க முடியாத காரியம். கடைசியில் ஐந்து வாரம் லாஸ் ஏஞ்சலஸின் வில்லேஜ் ரெக்கார்டரில் ஓவர்டப்பும் (பதிந்ததன்மேல் கூடுதல் பகுதிகளைச் சேர்ப்பது) மிக்ஸிங்கும். ஆகஸ்டில் வேலை முடிந்தது.

அரைக் கட்டை கீழே

கிட்டார்களின் சுருதியை அரைக் கட்டை இறக்கினார்கள். கிட்டாரின் தடித்த தந்தி வழக்கமாக மூன்று கட்டையில் நிற்கும். இங்கே அது இரண்டரை. ‘ஜெல்லிபெல்லி’ போன்ற சில பாட்டுகளில் அந்த ஒரு தந்தியை மட்டும் இன்னும் ஒரு முழுக் கட்டை இறக்கி ஒன்றரைக்குக் கொண்டுபோனார்கள்.

அரைக் கட்டை என்றால் அதிர்வெண் சுமார் 5.6 சதவீதம் குறைகிறது. தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால் அது சுமார் 11 சதவீதம் குறையும். விரலுக்கு இது நன்றாகவே தெரியும்: தந்தி மெத்தென்று வளையும், ஒலி கனக்கும். விலையும் உண்டு. தளர்ந்த தந்தியைப் பலமாக அடித்தால் முதல் கணத்தில் சுருதி மேலே ஏறிப் பிறகுதான் இறங்கி நிற்கும். ஒரு கிட்டாரில் அது சுவை. பத்து கிட்டாரை அடுக்கினால் பத்தும் வெவ்வேறு அளவில் ஏறி இறங்கி, தாளத்தின் அடி மழுங்கிப்போகும். தடித்த தந்தி போட்டால் தளர்ச்சி போகும், கூடவே அந்த மெத்தென்ற குணமும் போகும். இந்த முறையை எடுத்துக்கொள்ளும் இளம் குழுக்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். தந்தியை மாற்றியபின் கிட்டார்க் கழுத்தின் வளைவையும் தந்திகளைத் தாங்கும் பாலத்தையும் திரும்பச் சரிசெய்யாவிட்டால் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தின் குறுக்கே உள்ள கம்பி) மேலே எதுவும் சுருதி சேராது.

எழுபது கிட்டார், ஒரே டேக்

‘த்ரூ தி ஐஸ் ஆஃப் ரூபி’ பாட்டில் ஏறத்தாழ 70 கிட்டார் டிராக்குகள், அதாவது தனித்தனியே பதிந்த பகுதிகள், இருக்கின்றன. இந்த எண்ணைச் சும்மா வியந்துவிட்டுப் போகக் கூடாது, டேப் காலத்தின் கணக்கோடு வைத்துப் பார்க்க வேண்டும். அன்றைய கூடங்களின் 2 அங்குல டேப்பில் 24 டிராக்தான் உண்டு. டிரம்ஸுக்கு மட்டுமே கிக், ஸ்னேர், டாம்கள் என்ற தனித்தனி டிரம்கள், மேலிருந்து இரண்டு மைக், அறையின் ஒலிக்கு இரண்டு என்று பத்துப் பன்னிரண்டு போய்விடும். பேஸுக்கு இரண்டு, குரலுக்கு மூன்று நான்கு. மீதம் ஆறேழு. இரண்டு இயந்திரங்களைக் கோத்து ஓட்டினால், இரண்டும் ஒத்து ஓட ஆளுக்கொரு டிராக்கைக் கழித்து 46 கிடைக்கும். எழுபதுக்கு அதுவும் போதாது.

இதற்கு அந்தக் காலத்தில் எல்லோரும் கையாண்ட வழி, எட்டுப் பத்து கிட்டாரைப் பதிவு செய்து, அவற்றின் அளவை அங்கேயே சரிபார்த்து, இடம் வலம் என்று இரண்டு டிராக்கில் ஒடுக்கி, பழைய டிராக்குகளை அழித்து அடுத்த அடுக்குக்கு இடம் பிடிப்பது. ஒடுக்கியபின் திரும்ப முடியாது. நான்காவது கிட்டார் கொஞ்சம் கூடிவிட்டது என்று மூன்று வாரம் கழித்துத் தெரிந்தால், முழு அடுக்கையும் திரும்ப வாசிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு ஒடுக்கலிலும் டேப்பின் இரைச்சலும் ஒரு படி ஏறும். அடுக்கும்போது எல்லாம் ஒரே அதிர்வெண் பகுதியில் குவிந்தால் ஒலி பெரிதாவதில்லை, கொழகொழப்பாகிறது. எனவே ஒவ்வொரு அடுக்குக்கும் வேறு கிட்டார், வேறு ஆம்ப் (ஒலிபெருக்கி), வேறு ஸ்தாயி என்று தேட வேண்டும். அந்தப் பாட்டை நல்ல ஹெட்ஃபோனில் கேட்டால், உச்சத்தில் கூட டிரம்ஸின் அடி தனியாக நிற்பது தெரியும். எழுபது கிட்டாரை அடுக்கியது ஒரு சாதனை என்றால், அதற்குள்ளே ஸ்னேருக்கு ஓட்டை விட்டது அதைவிடப் பெரிய சாதனை.

அந்தப் பாட்டு இருக்கும் இரண்டாவது சிடியிலேயே அடுத்தடுத்து எதிர்த்துருவங்கள். ‘ஸ்டம்ப்லீன்’ ஒரு குரல், ஓர் அக்கூஸ்டிக் கிட்டார், அவ்வளவுதான். அதைத் தொடரும் ‘எக்ஸ்.ஒய்.யூ.’ நால்வரும் சேர்ந்து நின்று நேரடியாக வாசித்த ஒரே டேக். ‘டேல்ஸ் ஆஃப் எ ஸ்கார்ச்ட் எர்த்’ பாட்டில் குரலையே கிழித்துப்போட்டிருக்கிறார்கள். கேட்பவருக்கு வலிக்க வேண்டும் என்றே செய்தது, வலிக்கவும் செய்கிறது. முதல் சிடியின் ‘டுநைட், டுநைட்’ பாட்டுக்குச் சிகாகோ சிம்பனி இசைக்குழுவிலிருந்து 30 பேர் வந்து வயலின் வகைகளை வாசித்தார்கள். ராக் பாட்டுக்கு வயலின் சேர்ப்பவர்கள் வழக்கமாக அதைப் பின்னால் மூட்டமாகப் பரப்பிவிடுவார்கள். இங்கே சேம்பர்லினின் வேகமான ஸ்னேர் உருட்டல் ஒரு பக்கம் ஓட, வயலின்கள் அதற்கு எதிரே நீண்ட சுரங்களைப் பிடிக்கின்றன. கிட்டார் பின்னுக்குப் போய்விடுகிறது. ஒரு கிட்டார் குழுவின் ஆல்பத்தில், அதுவும் பாட்டு என்று வரும் முதல் பாட்டில், இதைச் செய்யத் துணிச்சல் வேண்டும்.

‘1979’ கடைசியாக எழுதப்பட்ட பாட்டு. அதன் ஆரம்ப வடிவத்தைக் கேட்ட ஃப்ளட், இது தேறாது, ஆல்பத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கார்கன் அன்றே நான்கு மணி நேரத்தில் அதை எழுதி முடித்தார். மறுநாள் ஒரே ஒரு முறை கேட்ட ஃப்ளட் உடனே சேர்த்துக்கொண்டார். லூப்பாகச் சுழலும் தாளம், அதன்மேல் சேம்பர்லினின் வாசிப்பு, வெட்டி உருமாற்றித் திரும்பத் திரும்ப ஓட்டிய ஒரு குரல் துண்டு, ஆரவாரமில்லாத ஒரு கிட்டார். இரைச்சல் கிட்டாரே கிடையாது. தயாரிப்பாளர் என்பவர் வேண்டாம் என்று சொல்வதற்காகவும் சம்பளம் வாங்குகிறவர் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

தட்டின் கணக்கு

அன்றைய சிடியில் 74 நிமிடம் பிடிக்கும். 122 நிமிடத்துக்கு எப்படியும் இரண்டு தட்டு தேவை, ஆளுக்கு ஒரு மணி நேரம், 14 பாட்டு என்று சுலபமாகப் பிரிந்தது. பகல் ஒரு தட்டு, இரவு ஒரு தட்டு. வினைல் இசைத்தட்டில்தான் சிக்கல். ஒரு பக்கத்தில் 20, 22 நிமிடத்துக்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கிச் செதுக்க வேண்டும், நெருக்கினால் ஒலியளவைக் குறைக்க வேண்டும், கனத்த தாழ் ஒலிகளையும் வெட்ட வேண்டும். அதனால் 1996இல் வந்த வினைல் பதிப்பு மூன்று தட்டு, ஆறு பக்கம். பக்கத்துக்கு ஒரு பெயர்: விடியல், தேநீர் நேரம், அந்தி என்று தொடங்கி நள்ளிரவைத் தாண்டி நட்சத்திர ஒளி வரை. பாட்டுகளின் வரிசையையே மாற்றி, சிடியில் இல்லாத இரண்டைச் சேர்த்து 30 ஆக்கினார்கள். இரண்டையும் கேட்டவர்களுக்குத் தெரியும், அது வேறு ஆல்பம். சிடியில் இரண்டாவது தட்டின் பின்பகுதி தொய்கிறது. ‘வீ ஒன்லி கம் அவுட் அட் நைட்’ முதல் கடைசி வரை மென்மையான பாட்டுகளாகவே வருகின்றன. தனித்தனியாக நன்றாக இருப்பவை, வரிசையில் ஒன்றையொன்று அமுக்குகின்றன. வினைல் வரிசை அவற்றைக் கலைத்துப் போடுகிறது.

இரட்டை ஆல்பம் என்றாலே இசை நிறுவனங்கள் முகம் சுளிப்பதற்குக் கலைக் காரணம் எதுவும் கிடையாது. 1995இல் அமெரிக்கச் சட்டப்படி பாட்டெழுதியவருக்கு, விற்கும் ஒவ்வொரு பிரதியிலும் ஒரு பாட்டுக்கு 6.6 சென்ட் சேர வேண்டும். 28 பாட்டென்றால் 1 டாலர் 85 சென்ட் ஆகிறது. இதைத் தடுக்கவே நிறுவனங்கள் ஒப்பந்தங்களில், முக்கால் பங்குதான் தருவோம், அதுவும் பத்துப் பாட்டுக்கு மேல் கிடையாது என்பது போன்ற விதிகளை எழுதி வைக்கும். அந்தக் கணக்கில் பார்த்தால் 49.5 சென்ட்.

விற்பனையும் தீர்ப்பும்

முதல் வாரத்தில் சுமார் 2,46,500 பிரதிகள் விற்று நேராகப் பில்போர்டு விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. பிறகு அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கத்தின் வைரச் சான்றும் கிடைத்தது, அதாவது 1 கோடி. இந்த எண்ணை அப்படியே ‘ஒரு கோடிப் பேர் வாங்கினார்கள்’ என்று எழுதுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நீளமான இரட்டைத் தொகுப்பில் ஒவ்வொரு தட்டையும் தனித்தனி யூனிட்டாக எண்ணுவது அந்தச் சங்கத்தின் வழக்கம். எனவே கடையை விட்டுப் போனவை ஏறத்தாழ 50 லட்சம் தொகுப்புகள். அதுவே பெரிய எண்தான், ஊதிக் காட்டத் தேவையில்லை.

விமர்சகர்கள் பிரிந்து நின்றார்கள். டைம் பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்றது. ரோலிங் ஸ்டோனில் எழுதிய சிகாகோ விமர்சகர் ஜிம் டெரோகாடிஸ் ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தார். ஒலியின் சாதனையை பிங்க் ஃப்ளாய்டின் ‘தி வால்’ ஆல்பத்தோடு ஒப்பிட்ட அவரே, பாடல் வரிகள் அந்த உயரத்தை எட்டவில்லை என்றும் எழுதினார். அந்தக் குறை நியாயமானது. கூண்டில் அடைபட்ட எலியாகத் தன்னைப் பார்க்கும் ‘புல்லட் வித் பட்டர்ஃப்ளை விங்ஸ்’ பல்லவி பதினாறு வயதில் நெஞ்சைப் பிளக்கும், முப்பதில் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். ஆனால் கார்கன் அந்த ஆல்பத்தைப் பதின்வயதினரையும் இருபதுகளின் தொடக்கத்தில் இருப்பவர்களையும் நோக்கித்தான் எழுதினார், முகவரி தவறவில்லை. அந்தப் பாட்டுக்கு 1997 கிராமி விழாவில் சிறந்த ஹார்டு ராக் விருது கிடைத்தது. ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான போட்டியில் செலின் டியோன் வென்றார்.

வீடியோக்களின் பங்கைக் குறைத்துச் சொல்ல முடியாது. ‘டுநைட், டுநைட்’, ‘1979’ இரண்டையும் ஜொனதன் டேட்டன், வேலரி ஃபாரிஸ் இணைதான் இயக்கியது. முதலாவது, ஜார்ஜ் மெலியே 1902இல் எடுத்த நிலவுப் பயணப் படத்தை அடியொற்றியது. 1996 எம்டிவி விழாவில் ஆண்டின் சிறந்த வீடியோ உட்பட ஆறு விருதுகளை வாரியது. ‘1979’ வீடியோவுக்காக எடுத்த விருந்துக் காட்சியின் டேப்புகளைக் காரின் கூரைமேல் வைத்தவர், மறந்து வண்டியை ஓட்டிப் போய்விட்டார். டேப்புகள் தொலைந்தன. குழுவை மறுபடி வரவழைத்து அந்தக் காட்சியைத் திரும்ப எடுத்தார்கள்.

கச்சேரிப் பயணத்தின் நடுவே துயரம் நேர்ந்தது. 1996 ஜூலையில் நியூயார்க் ஹோட்டலில், உடன் வந்த கீபோர்டு கலைஞர் ஜொனதன் மெல்வாய்ன் ஹெராயினால் இறந்தார். அவரோடு சேர்ந்து போதை எடுத்திருந்த சேம்பர்லினைக் குழு சில நாட்களிலேயே நீக்கியது. ஒத்திகை இடத்தில் தாராளமாக ஓடிய அந்தக் கை இல்லாமல் 1998இல் வந்த ‘அடோர்’, டிரம் மெஷினையும் மென்மையான லூப்புகளையும் நம்பியது. ‘1979’ திறந்த கதவு வழியாகவே போனார்கள், ஆனால் விற்பனை இதன் பக்கத்தில்கூட வரவில்லை.

கழித்த பாட்டுகளின் கதை தனி. 1996 நவம்பரில் ‘தி ஏரோப்ளேன் ஃப்ளைஸ் ஹை’ என்ற பெட்டியில் ஆல்பத்திலிருந்து தனியாக வெளியிட்ட ஐந்து சிங்கிள்களையும் விரித்து ஐந்து சிடியாக வெளியிட்டார்கள். 2 லட்சம் பெட்டிதான் என்று அறிவித்து, கேட்பவர்கள் பெருகியதால் மேலும் அச்சிட்டார்கள். அதில் ‘பாஸ்டிச்சியோ மெட்லி’ என்று ஒன்று உண்டு: முடிக்காமல் விட்ட சுமார் எழுபது கிட்டார் துணுக்குகளை 23 நிமிடத்துக்கு வரிசையாக ஒட்டியது. 2012 டிசம்பரில் வந்த மறுபதிப்புப் பெட்டி இன்னும் 64 பதிவுகளைச் சேர்த்தது. இதை ஒற்றை ஆல்பமாகச் சுருக்கியிருக்கலாம் என்று வாதாடுபவர்கள் அதையும் ஒரு முறை கேட்டுவிட்டு எந்தப் பதினான்கு என்று சொல்லட்டும். ‘1979’, ‘டுநைட், டுநைட்’ தவிர்த்து இரண்டு ரசிகர்களின் பட்டியல் ஒத்துப்போவது அபூர்வம்.